தொலைமுனையில் சின்னம்மை

ஊட்டியின் காந்தலில், மேட்டுத் தெரு வளைவில் உள்ள ஒரு மாடி வீட்டின் பின்னறையில் ஆளுயர இரும்புப் பெட்டி ஒன்று நிற்கிறது. அதன் கதவை இழுத்துச் சாத்திவிட்டால் வெளியிலிருந்து எந்த அலையும் உள்ளே புகாது. உள்ளிருந்து எதுவும் வெளியே கசியாது. பழைய கைபேசிகள் அதற்குள் தட்டுத் தட்டாக அடுக்கப்பட்டிருக்கின்றன. யாரும் தொடாமலே அவற்றின் திரைகள் ஒளிர்கின்றன. ஒன்று இன்னொன்றை அழைக்கிறது, அழைத்தது பேசுகிறது, எடுத்தது கேட்டுக்கொள்கிறது. பேசுகிற குரல் தினகரனுடையது. தினகரன் இறந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது.

அந்தப் பெட்டிக்கும், பக்கத்தில் ஓயாமல் உறுமும் கணினிகளுக்கும் பொறுப்பாளி அல்ஃபியா. ஊட்டி கடைவீதியில் மழைக்கோட்டும் கம்பளியும் விற்ற குடும்பத்தில் பிறந்தவள். அரசுக் கல்லூரியில் இயற்பியல் படித்தாள். கோயம்புத்தூரில் ஒரு கைபேசி நிறுவனத்தில் டவர் பராமரிப்பு வேலை பார்த்தாள். திருமணம் ஆனதும் மலைக்கே திரும்பினாள். கணவர் அயூப் அவளுடைய தகப்பனாரின் கடையை ஏற்று நடத்துகிறார். உறவுக்காரப் பெண்கள் அவளிடம் என்ன வேலை என்று கேட்டால், "போன் ரிப்பேர்" என்று சொல்லிவிடுவாள். அதற்கு மேல் விளக்கப் போனால் தேநீர் ஆறிவிடும்.

விளக்கம் உண்மையில் அவ்வளவு நீளமானதல்ல. ஒரு டவர் நட்டுவிட்டால் மட்டும் போன் பேசாது. யார் எங்கே இருக்கிறார், யாருடைய குரலை எந்த வழியாக யாருக்குக் கொண்டுபோவது என்பதையெல்லாம் தீர்மானிக்க ஒரு மென்பொருள் வேண்டும். பெரிய நிறுவனங்கள் அதைப் பூட்டி வைத்திருக்கின்றன. பூட்டாத ஒன்றும் உண்டு. அதை யாரும் படிக்கலாம், திருத்தலாம், எடுத்துப்போய்த் தங்கள் ஊரில் நிறுவலாம். நிறுவனங்கள் எட்டிப் பார்க்காத தீவுகளிலும் சுரங்கங்களிலும் மலை மருத்துவமனைகளிலும் அதுதான் ஓடுகிறது. உலகத்தின் எந்த மூலையிலிருந்தாவது ஒருவர் ஒரு திருத்தத்தை அனுப்பினால், பில்ட் சர்வர் என்று சொல்லப்படும் கணினிகள் அதைச் சேர்த்து முழு மென்பொருளையும் தாமாகவே புதிதாகக் கட்டும். கட்டியதை உண்மையான போன்களில் போட்டுச் சோதிக்கும். எல்லாச் சோதனையிலும் பச்சை விழுந்தால்தான் திருத்தம் உள்ளே போகும். சிவப்பு விழுந்தால் அனுப்பியவரிடமே திரும்பிவிடும். விழுகிற பச்சை நேர்மையான பச்சைதானா என்று பார்ப்பதே அல்ஃபியாவின் வேலை. ஒரு முனையில் எது போனதோ அதுவே மறுமுனையில் வரவேண்டும், கூடவும் கூடாது, குறையவும் கூடாது என்பது அவள் கடைப்பிடித்த விதி.

தினகரன் அந்த வேலையில் அவளுக்கு இணையாக இருந்தவன். கூடலூரை ஒட்டிய ஓவேலியில், ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், ஒற்றை அறைக் காம்பரா ஒன்றில் வளர்ந்தவன். அவனுடைய தாய் சின்னம்மை, இலங்கையின் கண்டிச் சீமைத் தோட்டத்திலிருந்து சிறுமியாகக் கப்பலேறி வந்தவர். கொழுந்து பறித்தே இரண்டு பிள்ளைகளையும் ஆளாக்கினார். லயத்தில் எந்த நிறுவனத்தின் சிக்னலும் கிடையாது. ஒரு கல்லூரியின் பரிசோதனை உரிமத்தைக் கேட்டுப் பெற்று, தினகரன் தன் கையாலேயே அங்கே ஒரு கம்பம் நட்டுச் சிறிய டவர் அமைத்தான். தொழிற்சாலை வரை வந்திருந்த இணையக் கேபிளை அதற்கு இழுத்துக்கொண்டான். சென்ற ஆண்டு மழைக்காலம் தொடங்குகிற சமயத்தில் அந்தக் கம்பத்தைப் பழுது பார்த்துவிட்டுத் தேயிலைக்குள் நடந்து வருகையில் யானை அடித்து இறந்தான்.

சோதனைகளில் பயன்பட்ட குரல் அவன் பதிந்து வைத்தது. வேறு குரலுக்கு மாற்றலாமா என்று அல்ஃபியா கேட்டபோது, அவனை நேரில் பார்த்தேயிராத தூரதேசத்துக்காரர்கள் பலரும் அது அப்படியே இருக்கட்டும் என்று எழுதினார்கள். அவளுக்கும் அதை நீக்கக் கை வரவில்லை.

இந்த ஆனி மாதம் பில்ட் சர்வர்கள் திணற ஆரம்பித்தன. திருத்தங்கள் வரிசையில் தேங்கி நின்றன. முதலில் கூப்பிட்டவர் குன்னூர் ஹெர்பர்ட். தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, பொழுது போக வேண்டுமே என்று இந்தத் திட்டத்துக்குள் வந்து, வந்த இடத்தில் மூத்த பராமரிப்பாளர் ஆகிவிட்டவர்.

"ஏம்மா அல்ஃபியா, உங்க மெசினு பகல்ல தூங்குதா? பின்லாந்துக்காரன் ஒருத்தன் விடிஞ்சதுல இருந்து என்னைத் திட்டிட்டு இருக்கான்."

"உங்களைத்தானுங்களே திட்டறான். என்னைத் திட்டட்டும், அப்புறம் பார்க்கறேன்."

"நான் ரிட்டையர் ஆனவன். பென்ஷன்ல திட்டுப் படின்னு தனியா எதுவும் தர்றதில்ல."

அவள் சிரித்துக்கொண்டே தேடிப் பார்த்தாள். எல்லாச் சோதனையும் ஒழுங்காகத்தான் முடிந்தது. ஒன்று மட்டும் முடியாமல் பிடித்துக்கொண்டு நின்றது. அதற்குத் தினகரன் 'தொலைமுனை' என்று பெயர் வைத்திருந்தான். பெட்டிக்குள் நடப்பது போதாது, மழையும் மஞ்சும் உள்ள நிஜமான வெளியில் ஒரு அழைப்பாவது போய்ச் சேர வேண்டும் என்பதற்காக, சர்வர் ஓவேலி டவர் வழியாக ஒரு போனை அழைக்கும். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டால் பச்சை. தொழிற்சாலையில் தானாக எடுத்துக்கொள்ளும் போன் ஒன்றை அவன் வைத்திருக்கிறான் என்றே அல்ஃபியா இத்தனை காலமும் எண்ணியிருந்தாள். ஒரு நாளும் பழுதாகாத சோதனையை யார் திறந்து பார்ப்பார்கள்?

இப்போது திறந்து பார்த்தாள். அழைப்பை எப்போது முடிப்பது என்ற இடத்தில் அவன் கால வரம்பு எதுவும் எழுதியிருக்கவில்லை. மறுமுனை தானாக வைக்கும் வரை காத்திரு என்று மட்டும் எழுதியிருந்தான். வழக்கத்தை விட நீண்டுவிட்ட அழைப்புகளின் ஒலியைப் பின்னால் ஆராய்வதற்காக எடுத்து வைக்கவும் ஏற்பாடு செய்திருந்தான். அவள் தலையணிபேசியை மாட்டிக்கொண்டு ஒன்றைக் கேட்டாள்.

"அம்மா, கேக்குதா? நான் பேசறது கேக்குதா?"

தினகரன்தான். அதன் பிறகு இணைப்பில் மழையின் இரைச்சல். பிறகு ஒரு வயதான பெண் குரல், வெகு அருகில்.

"கேக்குதுப்பா. நல்லா கேக்குது. மழ புடிச்சிருச்சு, கொழுந்துக்குப் போகல. தெய்வம்மா ஊட்டு நாயி குட்டி போட்டுருக்கு. ஒண்ணு ஒன்னய மாதிரியே ராவெல்லாம் முழிச்சிட்டு கெடக்கு."

அல்ஃபியா தலையணிபேசியைக் கழற்றி மேசை மேல் வைத்தாள். பெட்டிக்குள் எந்தப் போனோ அதிர்ந்து நின்றது. சற்று நேரம் கழித்துத் திரும்பவும் மாட்டிக்கொண்டாள்.

சின்னம்மை பேசிக்கொண்டே இருந்தார். அவர் ஓய்ந்து, சில கணங்கள் ஒன்றும் கேட்காமல் போன பிறகு, "சரிம்மா, நீ வெய்யி" என்றது தினகரனின் குரல். அவர் வைத்தார். சோதனை பச்சை.

உயிரோடு இருந்தபோது தினகரன் செய்து வைத்த காரியம் இது என்று அவளுக்கு விளங்கியது. உலகத்தில் எவன் திருத்தம் அனுப்பினாலும் ஓவேலியில் அவன் அம்மாவின் போன் அடிக்கும். அம்மா எடுத்து, 'கேக்குது' என்று சொல்லிவிட்டு வைப்பார். டவரும் பிழைத்திருக்கிறது, அம்மாவும் நலம் என்று காந்தலில் இருந்தபடியே அவன் தெரிந்துகொள்வான். அம்மா பேசும்போது இணைப்பை முந்தித் துண்டிக்க அவனுக்கு மனம் வந்திருக்காது. கால வரம்பு எழுதாததற்கு வேறு காரணம் இல்லை. அவன் போன பிறகும் சர்வர் அழைத்தது. அவரும் எடுத்தார்; மழை பிடித்து வேலைக்குப் போகாத இந்த ஆனியில் பேச்சு நீண்டுவிட்டது. ஒரு வருட காலமாக இந்த மென்பொருளில் நுழைந்த ஒவ்வொரு திருத்தத்துக்கும் கடைசிப் பச்சையைக் கொடுத்தவர் சின்னம்மை.

மற்ற பதிவுகளைக் கேட்க அவளுக்கு உரிமை இல்லை. அது தெரிந்தும் கேட்டாள். சமீபத்திய ஒன்றில் சின்னம்மையின் குரல் தாழ்ந்திருந்தது.

"காம்பரா பின்னால தரை பொளந்துருச்சுப்பா. மின்ன விரலு போற மாதிரி இருந்துச்சு. இப்ப கையி போவுது. கதவு சாத்த மாட்டேங்குது. சரிதாகிட்டச் சொல்லல. சொன்னா வந்து இழுத்துட்டுப் போயிருவா. நீயும் சொல்லிராத."

அன்று மதியம் சாப்பிட வந்த அயூப்பிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கை கழுவாமலே கேட்டுக்கொண்டிருந்தார்.

"அடுத்தவங்க பேச்ச ஒட்டுக் கேக்கறது தப்பு அல்ஃபியா."

"தெரியும்."

"ஆனா கேட்டாச்சு. கேட்டுட்டு சும்மா இருக்கறது அதை விடத் தப்பு."

சரிதா தினகரனின் தங்கை. கூடலூருக்கு அந்தப் பக்கம் ஸ்ரீமதுரையில் கட்டிக்கொடுத்த பெண். அல்ஃபியா அவளுக்குப் போனில் எல்லாவற்றையும் சொன்னாள். சரிதா மெல்லக் கேட்டாள்: "அப்ப அது நெசமாவே வருதாக்கா? அண்ணன் போன் வருதுன்னு அம்மா சொல்லும். புத்தி கலங்கிருச்சுன்னு நெனச்சு நான் மந்திரிச்சுக்கூட விட்டேன்."

மறுநாளே இருவரும் ஓவேலிக்குப் போனார்கள். கூடலூரிலிருந்து ஜீப். மஞ்சு இறங்கி, தேயிலைச் சரிவு ஓரிரு வரிசைக்கு மேல் தெரியவில்லை. லயத்தின் கடைசிக் காம்பரா சின்னம்மையுடையது. முதுகை மலைக்குக் கொடுத்து உட்கார்ந்திருந்தது.

அவர் வற்புறுத்தித் தேநீர் கொடுத்தார். அதைக் குடித்துக்கொண்டிருக்கும்போதே சுவர்ப் பலகையில் இருந்த போன் அடித்தது. எங்கோ ஒருவன் ஒரு திருத்தம் அனுப்பியிருக்கிறான். சின்னம்மை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, தரையில் சம்மணமிட்டு, இரண்டு கையாலும் போனை எடுத்துக் காதில் வைத்தார். "அம்மா, கேக்குதா?" அந்தச் சின்ன அறையில் எல்லோருக்கும் கேட்டது. சரிதா வாசலுக்குப் போய் நின்றுகொண்டாள்.

"கேக்குதுப்பா. ஊட்டுக்கு ஆளுக வந்துருக்காங்க, அப்புறம் பேசுறேன்." வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தேநீரைத் தொடர்ந்தார்.

"அம்மா, அது மெசினுன்னு உங்களுக்குத் தெரியுங்களா?" என்றாள் அல்ஃபியா.

"தெரியாம? ஆனை போட்ட எடத்துல இருந்து தூக்கியாந்து இந்த வாசல்லதான் கெடத்துனாங்க. நாந்தான் மொகத்தத் தொடச்சேன். செத்தவன் போன் போடுவானா புள்ள?"

"பின்ன எதுக்குங்கம்மா பேசறீங்க?"

"கேக்குதான்னு கேக்குறானில்ல. கேட்டுட்டு நிக்கிறானில்ல. கேக்குதுன்னு ஒருத்தரு சொல்லணுமில்ல."

அல்ஃபியா வீட்டின் பின்புறம் போய்ப் பார்த்தாள். சுவரை ஒட்டி, புல்லுக்கு நடுவே, நிலம் வாய் திறந்திருந்தது. குனிந்து கையை நுழைத்தாள். முழங்கை வரை தடையில்லாமல் போனது. உள்ளிருந்து குளிர்ந்த காற்று அவள் விரல்களின் மேல் சீராக வந்து பட்டது. மலை அவ்வளவு அருகில் மூச்சு விடுவதை அவள் அதற்கு முன் உணர்ந்ததில்லை. கையை எடுத்துச் சேலையில் துடைத்த பிறகும் அந்தக் குளிர் போகவில்லை.

உள்ளே வந்து கெஞ்சினாள். டவரைக் கழற்றி ஸ்ரீமதுரையில் வைத்துத் தருகிறேன், அழைப்பு அங்கேயே வரும் என்றாள். சின்னம்மை தலையை ஆட்டினார்.

"அவன் கையால நட்டது இது ஒண்ணுதான். நீ பிரிச்சு வெச்சா அது நீ நட்டது. நான் வர மாட்டேன்."

"பாத்தீங்களாக்கா" என்றாள் சரிதா வாசலில் இருந்தபடி. "போன வருசம் தூக்காத குறையா இழுத்துட்டுப் போனேன். ராத்திரியோட ராத்திரியா நடந்தே வந்துருச்சு. ஆனைக் காட்டுல."

"ஆனைக்கு என்னயத் தெரியும்" என்றார் சின்னம்மை.

ஆடி பிறந்ததும் கனமழை எச்சரிக்கை வந்தது. லயத்தைக் காலி செய்யச் சொல்லி அதிகாரிகள் வந்தார்கள், பலர் போனார்கள், சின்னம்மை வந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டார். அழைப்பையே நிறுத்திவிடலாமா என்று அல்ஃபியா கேட்டாள். சரிதா பதறினாள். "நின்னா எப்ப வரும் எப்ப வரும்னு பலகைக்குக் கீழயே ஒக்காந்துக்கும். நகரவே நகராது."

அல்ஃபியா சொல்லி எல்லாம் அறிந்திருந்த ஹெர்பர்ட் அப்போது காந்தலுக்கு வந்தார். மழைக்கோட்டைக் கழற்றிக் கதவில் மாட்டிவிட்டு, மடிக்கணினியைத் திறந்தார். முகத்தில் வழக்கமான கேலி இல்லை.

"கோவிச்சுக்காதே. பையன் பதிஞ்சு வெச்சது எல்லாத்தையும் கம்ப்யூட்டருக்குக் குடுத்து, நாம எழுதறதை அவன் குரல்லயே பேச வெச்சிட்டேன். இப்பல்லாம் இது கஷ்டமே இல்ல. கேட்டுப் பாரு."

பொத்தானை அழுத்தினார்.

"அம்மா, மழ வருது. சரிதா ஊட்டுக்குப் போயிரு. நான் அங்க வந்து பேசறேன். சரிம்மா, நீ வெய்யி."

அது தினகரன். சளி பிடித்தால் கரகரக்கும் அந்தத் தொண்டை, வாக்கியம் முடிகையில் தேயும் மூச்சு, எல்லாம் அவன். அவன் ஒருநாளும் சொல்லாத சொற்களை அவன் வாய் சொல்லியது. அல்ஃபியா தன்னை அறியாமல் வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

போனில் அதைக் கேட்ட சரிதா, "அண்ணன்" என்றாள். பிறகு, "போடுங்கக்கா. எனக்கு அம்மா வேணும்" என்றாள்.

அயூப் மட்டும் ஒப்பவில்லை. "உசுரக் காப்பாத்தப் பொய் சொன்னா மன்னிப்பு உண்டும்பாங்க. ஆனா அது உன் வாயால சொல்ற பொய்யி. இது செத்தவன் வாயால சொல்ல வெக்கறது. இதுக்கு என்ன கணக்குன்னு எனக்குத் தெரியல."

"எனக்கும் தெரியலைங்க. மண்ணு விழுந்துட்டா அப்புறம் தெரிஞ்சு என்ன பண்றது?"

சர்வரில் எந்த மாற்றத்தையும் ஏற்கும் அதிகாரம் அவளிடம்தான் இருந்தது. ஒரு முனையில் போகாதது மறுமுனையில் வரக்கூடாது என்று இத்தனை வருடம் காவல் நின்றவள், எந்த முனையிலும் இல்லாத ஒன்றை அன்று மதியம் தன் கையால் உள்ளே விட்டாள்.

அழைப்பு போனது. அது நடந்துகொண்டிருக்கும்போதே கேட்க ஒலிபெருக்கியை இணைத்திருந்தார்கள். சின்னம்மை எடுத்தார். புதிய குரல் பேசி முடித்தது. மறுமுனையில் மழை தகரத்தில் கொட்டும் ஓசை.

"யாரு நீ?"

ஹெர்பர்ட் நாற்காலியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டார்.

"யாருன்னு கேக்குறேன்."

குரல் கேட்டுவிட்டது, ஆகவே சர்வர் தன் வழக்கப்படி பச்சையைக் காட்டியது. போனை எதன் மேலோ வைக்கும் ஓசை வந்தது. வெற்றுக் காலடிகள். பிறகு ஒன்றுமில்லை.

அவர் இணைப்பைத் துண்டிக்கவில்லை. சர்வரும் துண்டிக்காது. அல்ஃபியா "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டாள். அந்த அறையிலிருந்து அங்கே குரல் போக வழி கிடையாது என்று அவளுக்கே தெரியும். அவளும் ஹெர்பர்ட்டும் அயூப்பும் ஓவேலியில் இருந்த ஒரு வெறும் வீட்டைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சாத்த முடியாத கதவு காற்றில் மோதியது. பாத்திரம் ஒன்று உருண்டது. சற்று இடைவெளி விட்டு, அம்மிக்கல்லை யாரோ மெதுவாக நகர்த்துவது போல ஒரு ஓசை தொடங்கியது. அது நிற்கவில்லை. கூடிக்கொண்டே வந்து, சட்டென்று எல்லா ஒலியும் அற்றுப்போனது.

ஓவேலிக்குக் கிளம்பிய அயூப்பின் வேன் நடுவட்டம் இறக்கத்தில் ஊர்ந்தது. சாலையில் மரம் விழுந்த இடத்தில் ஆட்கள் அறுத்து முடிக்கும் வரை நின்றது. காலடிகள் வாசல் பக்கம் போயினவா, பின்பக்கம் போயினவா என்று வழி நெடுக அல்ஃபியா நினைவுக்குள் திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பக்கம் போயின.

லயத்தின் கடைசிக் காம்பராவில் பின்சுவர் இல்லை. மலை உள்ளே வந்து அடுப்பு வரை உட்கார்ந்திருந்தது. கம்பம் மட்டும் சாயாமல், உச்சியில் சின்ன விளக்கு எரிய நின்றது. சரிதா முன்பே வந்து, முழங்கால் சேற்றில், வெறுங்கையால் மண்ணை அள்ளிக்கொண்டிருந்தாள். சில ஆண்கள் மண்வெட்டியோடு ஓடி வந்தார்கள். அல்ஃபியாவும் இறங்கினாள்.

சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு அடுத்த லயத்துத் தெய்வம்மா மேலே ஏறி வந்தாள்.

"அடி, அங்கன எதுக்குடி தோண்டுறீங்க?"

"அம்மா உள்ள..." என்றாள் சரிதா.

"ஒங்கம்மா புள்ளக் காம்பராவுல ஒக்காந்துருக்கு. மத்தியானமே வந்துருச்சு. ஏக்கான்னு கேட்டா வாயே தொறக்கல."

தோட்டத்துக் குழந்தைகளைப் பகலில் விட்டு வைக்கிற இடம் அது. அன்று குழந்தைகள் யாரும் இல்லை. காலித் தூளிகள் தொங்கிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே, ஈரம் சொட்டச் சொட்ட, சின்னம்மை சுவரோரம் இருந்தார். சரிதா அவர் மடியில் விழுந்து அழுதாள். அவர் மகளின் தலையைத் தடவினார். கண் வேறெங்கோ இருந்தது.

"ஊடு போச்சும்மா" என்றாள் சரிதா.

"போவட்டும். அதுல இனி எப்புடி இருக்குறது. எவனோ வந்து அவன் கொரல்ல பேசுறான்."

"எப்படிம்மா..." சரிதாவால் முடிக்க முடியவில்லை.

"ஒங்கண்ணன் என்னைக்காச்சும் அதச் செய்யி இதச் செய்யின்னு சொல்லிருக்கானா? கேப்பான். கேட்டுட்டு நிப்பான். இது கேக்கல. நான் பேச எடமே விடல. அவன் கொரல எடுத்து மேல போத்திக்கிட்டு வந்துருக்கு. அது இருக்குற ஊட்டுல நான் இருப்பேனா? எறங்கிட்டேன்."

சரிதா தலை நிமிர்ந்து அல்ஃபியாவைப் பார்த்தாள். பேசாமல் இருந்துவிடலாம் என்று அந்தப் பார்வை கேட்டுக்கொண்டது. உயிர் பிழைத்தாயிற்று. எது வந்து பேசியதோ அது வீட்டோடு மண்ணுக்குள் போயிற்று என்று அவர் நம்பிக்கொள்ளட்டும். அல்ஃபியாவுக்கும் அந்த ஆசை இருந்தது. ஆனால், இறந்த மகனின் குரலைத் திருடிக்கொண்டு ஏதோ ஒன்று இந்த மலையில் அலைகிறது என்று எண்ணியே இந்த மனுஷி மீதிக் காலத்தைக் கழிக்க வேண்டும் என்பதை அவளால் பொறுக்க முடியவில்லை.

"அம்மா, அது எவனும் இல்லைங்க. நாங்கதான். அவர் குரல வெச்சு நாங்க செஞ்சது. நீங்க கீழ வரணும்னு."

சின்னம்மை அவளை உற்றுப் பார்த்தார். கோபம் வரும் என்று அல்ஃபியா காத்திருந்தாள். கோபம் வரவில்லை. அவர் எதையோ மெல்லப் பின்னோக்கி எண்ணிப் பார்ப்பது போல இருந்தது.

"அப்ப மின்ன பேசுனது?"

"அது அவர்தாங்கம்மா. உசுரோட இருக்கும்போது அவரே பேசிப் பதிஞ்சது. அதுல யாரும் கை வெக்கல. சத்தியமா."

"நீதானே சொல்ற" என்றார் சின்னம்மை.

அவர் அன்று மாலையே வேனில் ஏறி ஸ்ரீமதுரைக்கு வந்துவிட்டார். ஒருவரும் வற்புறுத்த வேண்டியிருக்கவில்லை.

தொலைமுனைச் சோதனையை அல்ஃபியா சர்வர்களிலிருந்து நீக்கினாள். ஏன் என்று கேட்டவர்களுக்கு, மறுமுனையில் இருந்தவர் இனி எடுக்க மாட்டார் என்று எழுதினாள். வரிசை தேங்குவது நின்றது. பின்லாந்துக்காரர் நன்றி சொன்னார்.

ஸ்ரீமதுரையில் மூன்று நிறுவனத்தின் சிக்னலும் உண்டு. சின்னம்மை எந்தப் போனையும் தொடுவதில்லை. தெய்வம்மா ஒருநாள் கூப்பிட்டபோது சரிதா காதில் கொண்டுபோய் வைத்தாள். கொஞ்சம் கேட்டுவிட்டு, "அவ மாதிரியே பேசுது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். வெளியூர் போன மருமகன் கூப்பிட்டாலும் அதே கதை. உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்க அல்ஃபியா பலமுறை முயன்றாள். கடைசியில் சரிதா தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "பேசணும்னா ஆளா வரச் சொல்லுன்னு சொல்லுதுக்கா."

ஆகவே அல்ஃபியா பஸ் ஏறினாள். குரலைத் தூரத்துக்குக் கொண்டுபோவதே பிழைப்பாகக் கொண்டவள், நலமா என்ற ஒரு கேள்விக்காக மலையின் மறுபக்கம் வரை இறங்கிப் போனாள். சின்னம்மை வாசலில் பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் முகம் மாறவில்லை. பக்கத்தில் உட்காரச் சைகை காட்டி, அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தார். விரல்களை அழுத்தி, நாடி பார்ப்பவர் போலப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

"குளுந்து கெடக்கு" என்றார்.

"பஸ்ஸுல ஜன்னலைச் சாத்த முடியலைங்கம்மா."

அவர் விடவில்லை. அந்தக் கை தன் கைக்குள் மெல்லச் சூடேறும் வரை பொறுத்திருந்தார்.

"சரி" என்றார் பிறகு. "சொல்லு."